தொட்டியில் இருப்பது எந்த லோச்? அறிகுறிகளைக் கொண்டு இனம் காணும் வழிமுறை

லோச் எனப்படும் அயிரை வகை மீன்களைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரு புகைப்படத்துடன் வருகின்றன. அந்தப் படத்தில் நிறமும் கோலமும் தெரியுமே தவிர, வாயோ மீசையோ துடுப்பு அமைந்துள்ள இடமோ தெரிவதில்லை. இந்த மீன்களில் மிக எளிதாக மாறக்கூடியது நிறம்தான். வயது, வெளிச்சம், அச்சம், கூட்டத்தில் அந்த மீனுக்குள்ள தகுதி ஆகிய அனைத்தும் அதை மாற்றிவிடுகின்றன. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும், எளிதில் மாறாத உடல் அமைப்பை முதலில் பார்த்துவிட்டுக் கோலத்தைப் பிறகு பார்க்கும் வரிசையையே பின்பற்றியிருக்கிறேன். செலவில்லாமல் தீரும் காரணங்கள் முன்னரும், வேறு தொட்டி தேவைப்படும் காரணங்கள் பின்னரும் வருகின்றன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை

மீனைப் பிடிக்காமல், கண்ணாடி வழியாகவே நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றி மீசை உண்டா, உண்டெனில் எத்தனை என்பது முதலாவது. முதுகுத் துடுப்பு உடலின் நடுவில், இடுப்புத் துடுப்புக்கு நேர் மேலே உள்ளதா, அல்லது வாலை நோக்கிப் பின்தள்ளி அமைந்துள்ளதா என்பது இரண்டாவது. கண்ணுக்குக் கீழே முள் மடங்கிக் கிடக்கும் சிறு பிளவு தெரிகிறதா என்பது மூன்றாவது. வாய் கீழ்நோக்கிய சாதாரண வாயா, கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் உறிஞ்சு வாயா என்பது நான்காவது. இரையைக் கண்ணாடியை ஒட்டிப் போட்டால், மீன் முன்பக்கம் வரும்போது இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம்.

பிடித்தே ஆக வேண்டும் எனில் வலையைத் தவிர்த்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மீனை மெல்ல ஓட்டிச் செல்லுங்கள். க்ளவுன் லோச், யோயோ லோச் போன்றவை அஞ்சியவுடன் கண்ணுக்குக் கீழுள்ள முள்ளை விரித்து நிறுத்திவிடும். அது வலையில் சிக்கிக்கொண்டால் மீனை இழுக்கக் கூடாது, சிக்கிய இடத்தில் வலையின் நூலைத்தான் வெட்ட வேண்டும்.

## அறிகுறி: ஒரே பெயரில் வாங்கியவற்றில் ஒன்றின் கோலம் மட்டும் வேறாக இருக்கிறது

இது யோயோ லோச் வளர்ப்பவர்களிடமிருந்து மிக அதிகமாக வரும் கேள்வி.

முதல் காரணம், வயது வேறுபாடு. குட்டிகளிடம் ஆங்கில எழுத்துகளைப் போலத் தெளிவாகத் தெரியும் பட்டைகள், மீன் வளர வளரக் கிளைத்தும் உடைந்தும் வலைப்பின்னல் போல மாறுகின்றன. அளவில் சிறிது வேறுபட்ட இரண்டு மீன்கள் இந்த மாற்றத்தின் இருவேறு கட்டங்களில் இருக்கும்போது, அவை இரண்டு இனங்கள் போலவே தோன்றும். மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், ஒவ்வொரு மீனின் இடப்பக்கத்தை மட்டும் படமெடுத்து வையுங்கள். இடப்பக்கம் மட்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: ஒரே மீனின் இரு பக்கங்களிலும் கோலம் ஒன்றுபோல் இருப்பதில்லை, பக்கம் மாறிய படங்களை ஒப்பிட்டு வேறு இனம் என முடிவு செய்தவர்கள் பலர். சிறிய மீனின் கோலம் பெரியதன் கோலத்தை நோக்கி நகர்ந்தால் இரண்டும் ஒரே இனம் எனக் கொண்டு அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், நெருங்கிய உறவினங்கள் கலந்து வந்திருப்பது. சில மாதங்கள் கடந்தும் கோலங்கள் நெருங்கி வராவிட்டால், போட்டியா பேரினத்தின் நான்கு மீன்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பாருங்கள்.

பட்டைகள் ஐந்து மட்டுமே இருந்து, முதுகிலிருந்து வயிறு வரை இறங்கி, வளர்ந்த பின்னும் ஒன்றோடொன்று இணையாமல் நின்றால் அது பெரும்பாலும் போட்டியா ஹிஸ்ட்ரியோனிகா. குறுக்குப் பட்டைகளும் நெடுக்குப் பட்டைகளும் ஒன்றையொன்று வெட்டி, நடுவில் பெரிய வெளிர் புள்ளிகளை விட்டிருந்தால் அது போட்டியா குபோட்டாய். ஏஞ்சலிகஸ் என்றும் போல்கா டாட் என்றும் விற்கப்படும் மீன் இதுவே. மியான்மரின் அட்டாரன் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இதற்கு மீனியல் ஆய்வாளர் மோரிஸ் கோட்டெலாட் 2004-இல்தான் அறிவியல் பெயர் சூட்டினார். வளரும்போது இதன் கறுப்பு பரவி, வெளிர் புள்ளிகள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகும். யோயோவில் இப்படித் தனித்தனியான வட்டப் புள்ளிகள் வரிசையாக அமைவதில்லை. முகவாய் சற்று நீண்டு, பட்டைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஏணிப்படி போல நின்றால் போட்டியா ரோஸ்ட்ராட்டாவை நினைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பொருந்தாமல் வலைப்பின்னலாக இருப்பது யோயோவே. அதன் அறிவியல் பெயர் அல்மோரேயா, லோஹாசாட்டாவா என்பதில் நூல்கள் தமக்குள் வேறுபடுகின்றன. வளர்ப்பவருக்கு அந்த வேறுபாட்டால் எந்த மாற்றமும் இல்லை.

மூன்றாவது, ஸ்ட்ரையேட்டாவும் டாரியோவும் மாறிப் போவது. மெல்லிய பட்டைகள் எண்ண முடியாதபடி நெருங்கி இருந்தால் போட்டியா ஸ்ட்ரையேட்டா, அதாவது ஜீப்ரா லோச். பொன்னிற உடலில் 7 அல்லது 8 அகலமான பட்டைகளும், சற்றே உயரமான உடலும் இருந்தால் போட்டியா டாரியோ. ஸ்ட்ரையேட்டா மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டுமே வாழ்வது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இடம்பெற்றுள்ளது. எனவே அதன் பெயரை உறுதி செய்வதோடு, பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடிக்கப்பட்டதா என்பதையும் விற்றவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இந்த அறிகுறிக்காகப் பொதுவாக வல்லுநரிடம் போக வேண்டியதில்லை. மேற்சொன்ன போட்டியாக்கள் பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வளர்பவை. குறைந்தது ஐந்து பேர் கொண்ட கூட்டம், கூர்மையற்ற மணல், ஒளிவிடங்கள், 24 முதல் 28 டிகிரி வரையிலான நீர் ஆகியவை அனைத்துக்கும் ஒத்துவரும். பெயர் தவறினாலும் பராமரிப்பு தவறாத இடம் இது.

## அறிகுறி: நேற்று வரை தெளிவாக இருந்த பட்டைகள் இன்று மங்கிவிட்டன

மீன் மாறிவிட்டதோ, வேறு இனமோ என்ற ஐயம் இதில் எழுவதுண்டு. ஆனால் இது பெரும்பாலும் இனம் காணும் சிக்கலே அல்ல. விளக்கைப் போட்ட உடனே பார்த்திருந்தால், ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். இருட்டில் வெளிறிய நிறம் அதற்குள் திரும்பிவிடும். இரண்டு மீன்கள் பக்கத்தில் பக்கமாக நின்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும்போது மட்டும் உடல் சாம்பல் நிறமாகிப் பட்டைகள் கரைந்தால், அது முதன்மைக்கான மோதல். போட்டியா குடும்பத்தில் இது இயல்பு. மோதல் முடிந்ததும் நிறம் மீளும். ஒரே மீன் மட்டும் நாள்கணக்கில் வெளிறியே இருந்தால், கூட்டம் சிறிதாக இருப்பதால் எல்லா அடிகளும் அதன் மீதே விழுகின்றன என்று பொருள். ஒளிவிடங்களைக் கூட்டி, கூட்டத்தையும் பெரிதாக்க வேண்டும்.

க்ளவுன் லோச் எல்லாமும் ஒருசேர மங்கினால் நிலைமை வேறு. அம்மோனியா, நைட்ரைட், வெப்பநிலை ஆகிய மூன்றையும் அன்றே சோதியுங்கள். உடலில் உப்புத் தூள் போன்ற வெண்புள்ளிகள் உள்ளனவா என்றும் பாருங்கள். வெண்புள்ளி நோய் ஒரு தொட்டிக்குள் வந்தால் முதலில் அதைக் காட்டும் மீன்களில் க்ளவுன் லோச்சும் ஒன்று. லோச்கள் மருந்துகளை, குறிப்பாகச் செம்பு கலந்தவற்றை, எளிதில் தாங்குவதில்லை என்பதால், மருந்தின் உறையில் லோச் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று படிக்காமல் ஊற்றாதீர்கள். நன்றாகத் தின்றும் முதுகு கத்திபோல் மெலிந்துகொண்டே போகும் மீனுக்குக் குடலில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அந்த இடத்தில் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு, மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

க்ளவுன் லோச்சில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிலவற்றின் இடுப்புத் துடுப்பு முழுவதும் செம்மஞ்சளாகவும், சிலவற்றில் சிவப்போடு கறுப்பு கலந்தும் இருக்கும். முன்னது சுமத்திராவிலிருந்தும் பின்னது போர்னியோவிலிருந்தும் வரும் மீன்களின் இயல்பு; இனம் ஒன்றே.

## அறிகுறி: சிறியதாகவே இருக்கும் எனச் சொல்லப்பட்ட மீன் வளர்ந்துகொண்டே போகிறது

குட்டைச் சங்கிலி லோச் எனப்படும் அம்பஸ்டையா சிட்டிமுன்கியை விரும்பி வாங்கியவர்கள் இதைச் சொன்னால், முதலில் அளவைச் சரியாக எடுக்கச் சொல்வேன். கண்ணாடிக்கு வெளியே அளவுகோலை ஒட்டிவைத்து, மீன் கண்ணாடியை உரசி நிற்கும்போது படம் எடுத்தாலே போதும். சிட்டிமுன்கி ஏறத்தாழ 6 சென்டிமீட்டரில் நின்றுவிடும். 8 சென்டிமீட்டரை நெருங்கினால் அது அதன் உறவினமான அம்பஸ்டையா நிக்ரோலினியேட்டாவாக இருக்க வேண்டும்.

வளர்ந்த பிறகு இவ்விரண்டும் குழப்பும். ஆனால் குட்டிப் பருவத்தின் படம் கையில் இருந்தால் குழப்பமே இல்லை. நிக்ரோலினியேட்டா குட்டியின் பக்கவாட்டில் உடைபடாத ஒரு கறுப்புக் கோடு நெடுக ஓடும். சங்கிலிக் கண்ணிகள் வயதான பிறகே தோன்றும். சிட்டிமுன்கியிலோ சிறு வயதிலேயே நெடுக்குக் கோடுகளைக் குறுக்குப் பட்டைகள் இணைத்துச் சங்கிலி உருவாகியிருக்கும். வாங்கிய நாளிலேயே படம் எடுத்து வைக்குமாறு நான் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்வது இதனால்தான். இரண்டில் எதுவாயினும் அமைதியான மீன்களே. தொட்டியை மாற்ற வேண்டியதில்லை.

அளவு 10 சென்டிமீட்டரைத் தாண்டியும் நிற்கவில்லை எனில், செலவு மிகுந்த பகுதிக்கு வந்துவிட்டோம். ஆரஞ்சு உடலில் மூன்று அகலமான கறுப்புப் பட்டைகள், முதலாவது கண்ணின் வழியாகச் செல்வது என்றால் அது க்ளவுன் லோச். வாங்கியது சரியான மீன்தான், சொல்லப்பட்ட அளவுதான் தவறு. அது 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை, பல ஆண்டுகளில் மெதுவாக வளரும், கூட்டமாகவே வாழும். இத்தகைய கூட்டத்துக்கு வீட்டின் சாதாரண மேசைத் தொட்டி எந்த வகையிலும் போதாது. பெரிய தொட்டிக்கு வழியில்லை எனில், மீன் பெரிதாகும் வரை காத்திராமல் இப்போதே இடமுள்ள ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது. உடல் நீண்டு, முகவாய் கூராகி, மெல்லிய செங்குத்துக் கோடுகள் நிறைந்திருந்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

## அறிகுறி: மற்ற மீன்களின் துடுப்புகள் கிழிந்திருக்கின்றன, எல்லாமே மூலையில் ஒதுங்குகின்றன

எளிய காரணம் தனிமை. தனியாகவோ இரண்டாகவோ வைக்கப்பட்ட லோச், தன் கூட்டத்தோடு காட்ட வேண்டிய சண்டையைத் தொட்டியில் உள்ள பிற மீன்களிடம் காட்டும். இரண்டாவது காரணம், இரவில் இரை கிடைக்காமல் பசியோடு அலைவது. விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் தீனியைப் பல இடங்களில் போட்டுப் பாருங்கள். இவ்விரண்டையும் சரிசெய்து சில வாரங்கள் கடந்தும் தொல்லை குறையாவிட்டால் இனத்தையே ஐயுற வேண்டும்.

மூக்கு முதல் வாலின் அடிவரை முதுகின் உச்சியில் ஒற்றைக் கறுப்புக் கோடு ஓடி, வாலின் அடியில் ஒரு குறுக்குப் பட்டையில் முடிந்தால் அது ஸ்கங்க் லோச், அதாவது யசுஹிகோடாக்கியா மோர்லெட்டி. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மட்டுமே வளரும் என்பதால் சாதுவென்று நம்பி வாங்கப்படும் இந்த மீன், மெதுவாக நீந்தும் நீண்ட துடுப்பு மீன்களோடு சேர்த்து வைக்கத் தகாதது. சாம்பல் நீல உடலும் சிவந்த வாலும் கொண்டிருந்தால் அதன் உறவினமான மோடெஸ்டா. இது அளவிலும் பெரியது.

டைகர் லோச் என்ற பெயரில் சின்க்ராஸஸ் பேரினத்தின் பல இனங்கள் விற்கப்படுகின்றன. ஹைமனோஃபைசா என்று எழுதி விற்கப்படுவது ஹெலோடெஸாக இருப்பது சாதாரணம். ஹெலோடெஸில் பட்டைகளின் கீழ்ப்பகுதியில் கரும்புள்ளிகள் தெரியும். பெர்ட்மோரையில் கோடுகளோடு உடல் முழுவதும் புள்ளி வரிசைகள் இருக்கும். இவற்றைத் துல்லியமாகப் பிரிப்பது ஆர்வத்துக்குரியதுதான், ஆனால் தொட்டியின் அமைதிக்குப் பேரினத்தை அறிந்தாலே போதும். எல்லாமே 20 சென்டிமீட்டரை எட்டக்கூடிய, முரட்டுக் குணமுள்ள மீன்கள். வலுவான துணைமீன்களுடன் தனித் தொட்டி தேவை.

கண்ணுக்குக் கீழே முள் இல்லாமல், மூன்று இணை மீசையுடன், ஒரு கல்லின் அடியையே தன் இடமாக்கிக்கொண்டு அதை நெருங்குபவற்றை மட்டும் விரட்டினால் அது போட்டியாவே அல்ல. ஸ்கிஸ்டுரா பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். இதற்குத் தனித் தொட்டி வாங்குமுன், கற்களைக் குவித்துப் பார்வையை மறைக்கும் தடுப்புகளை உருவாக்கிப் பாருங்கள்; பல நேரங்களில் அதுவே தீர்வாகிவிடும்.

## அறிகுறி: பாசி தின்னும் ‘லோச்’ மற்ற மீன்களின் உடலில் ஒட்டிக்கொள்கிறது

மீசையைப் பாருங்கள். ஒரு மீசையும் இல்லாமல், வாய் உறிஞ்சு கிண்ணமாக இருந்து, செவுள் மூடியின் மேல்முனையில் நீரை உள்ளிழுக்கும் தனித் துளை ஒன்று துடிப்பது தெரிந்தால் அது கைரினோகைலஸ். லோச் என்ற பெயரோடு விற்கப்பட்டாலும் அது உண்மையான லோச் அல்ல. தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. குட்டியாக இருக்கும்போது பாசியைத் தின்னும் இம்மீன், வளர்ந்ததும் அதில் நாட்டம் குறைந்து, ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டையான மீன்களின் உடலில் உள்ள வழுவழுப்புப் படலத்தைச் சுரண்டித் தின்னத் தொடங்குகிறது. 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. வேறு தொட்டிக்கு மாற்றுவதைத் தவிர இதற்குத் தீர்வு இல்லை. காயம்பட்ட மீனைத் தனியே வைத்துக் கவனியுங்கள்.

உறிஞ்சு வாய் இல்லாமல், பக்கவாட்டுக் கறுப்புக் கோடு வால் துடுப்பின் பிளவு வரை நீண்டிருந்தால் அது சயாமீஸ் பாசி உண்ணி. இதை மாற்ற வேண்டியதில்லை.

## அறிகுறி: பாம்பு வடிவ மீன் கண்ணிலேயே படுவதில்லை, அல்லது ஓயாமல் மேலே வந்து காற்றை விழுங்குகிறது

முதுகுத் துடுப்பின் இடம் இங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அது இடுப்புத் துடுப்பையும் தாண்டி வாலை நோக்கிப் பின்தள்ளி இருந்தால் குஹ்லி லோச். நடு உடலில் இருந்து, வாயைச் சுற்றி 10 மீசைகளும் தெரிந்தால் வெதர் லோச்.

குஹ்லி ஒளிந்திருப்பது இயல்பே. எண்ணிக்கையைக் கூட்டினால் துணிவு வரும். குஹ்லி என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் பாங்கியோ செமிசிங்டா. உண்மையான பாங்கியோ குஹ்லி ஜாவாவைச் சேர்ந்தது. செமிசிங்டாவின் பட்டைகள் முதுகில் அகன்று, கீழே குறுகி, வயிற்றை எட்டாமல் நின்றுவிடும். உடல் தடித்து, அகன்ற கரும்பட்டைகள் ஏறக்குறைய வயிறு வரை சூழ்ந்திருந்தால் பாங்கியோ மையர்சி. பட்டையே இல்லாத பழுப்பு மீன் பெரும்பாலும் பாங்கியோ ஓப்ளாங்கா. இவை ஒன்றாகவே மணலில் புதைந்து ஒன்றாகவே வெளிவரும். பிரித்து வைக்கத் தேவையில்லை.

வெதர் லோச் எனில் வெப்பநிலையைப் பாருங்கள். இது குளிர்ந்த நீரை விரும்பும் மீன். ஹீட்டர் 28 டிகிரியில் ஓடும் தொட்டியில் இது அமைதியிழந்து மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். காற்றழுத்தம் மாறும் நாள்களிலும் இப்படி அலையும் என்பதால், ஒருநாள் நடத்தையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாலின் அடித்தண்டில் மேலும் கீழும் துடுப்பு போன்ற மடிப்பு புடைத்து, மீசை மிக நீளமாக இருந்தால் அது பாராமிஸ்கர்னஸ், பராமரிப்பு அதேதான். இடமில்லை என்று இம்மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடவே கூடாது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அயல்நாட்டு வெதர் லோச் நீர்நிலைகளில் நிலைகொண்டுவிட்டது. அதை அகற்றுவது எளிதாக இல்லை.

## அறிகுறி: கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தட்டை மீன் வேகமாக மூச்சு வாங்குகிறது

இனம் காண்பதை ஒத்திவைத்து, நீரோட்டத்தையும் காற்றையும் முதலில் கூட்டுங்கள். இப்படி ஒட்டி வாழும் மலையோடை லோச்கள் அனைத்துக்கும் 20 முதல் 24 டிகிரி வரையிலான, ஆக்சிஜன் மிகுந்த, ஓடும் நீர் வேண்டும். மீன் தெளிந்த பிறகு கண்ணாடி வழியாக அடிப்பக்கத்தைப் படமெடுங்கள். இடுப்புத் துடுப்புகள் இரண்டும் பின்னால் இணைந்து ஒரே வட்டத் தகடாக இருந்தால் பியூஃபோர்டியா, கேஸ்ட்ரோமைசான் ஆகிய பேரினங்களில் ஒன்றாகலாம். தனித்தனியாகப் பிரிந்திருந்தால் சூடோகேஸ்ட்ரோமைசான். மஞ்சளும் கறுப்புமாக வலைக்கோலம் தெளிவாக இருந்தால் வியட்நாமின் செவெல்லியா லினியோலாட்டா. கேஸ்ட்ரோமைசானுக்குள் இனத்தைப் பிரிப்பது வல்லுநரின் வேலை.

## வல்லுநரிடம் எப்போது, எதைக் கொண்டு போவது

மீன் நோயுற்றிருந்தால் மருத்துவரிடம். நோயில்லாமல் பெயர் மட்டும் தெரியாவிட்டால், அதுவும் அந்தப் பெயர் தொட்டியின் அளவையோ வெப்பநிலையையோ மாற்றக்கூடியதாக இருந்தால், பல்கலைக்கழகத்திலோ அருங்காட்சியகத்திலோ உள்ள மீனியல் ஆய்வாளரிடம் கேட்கலாம். இடப்பக்கம், மேற்புறம், வாயின் அடிப்பக்கம் ஆகிய மூன்று படங்களும், அளவுகோல் தெரியும் ஒரு படமும், வாங்கிய நாளின் பழைய படமும், எந்த நாட்டிலிருந்து வந்தது என்று விற்றவர் சொன்ன செய்தியும் சேர்ந்திருக்க வேண்டும். பிடிபட்ட இடம் தெரியாத மீனுக்கு, படத்தை மட்டும் பார்த்து இனப்பெயர் தர அவர் மறுத்தால் அது நியாயமான மறுப்பே. பேரினப் பெயரோடு குறித்துக்கொண்டு, அந்தப் பேரினத்துக்கான பராமரிப்பைத் தொடருங்கள். மீன் இறந்துவிட்டால் தூக்கி எறிந்துவிடாமல், அன்றே எத்தனால் நிரப்பிய சிறு புட்டியிலிட்டு, வாங்கிய நாளையும் விற்கப்பட்ட பெயரையும் பென்சிலால் எழுதிய தாளை உள்ளேயே போட்டு மூடி வையுங்கள். மையால் எழுதினால் எத்தனாலில் கரைந்துவிடும்.